செத்தவீட்டில் வாங்கிய கையெழுத்துகள்

எழுதத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்க நான் எழுதுவதை முதலில் பொறுத்துக்கொள்ள வேண்டும். சாதாரண தரப் பரீட்சை வரைக்கும்தான் படித்தேன். அதற்குப் பிறகு நான் கையில் எடுத்தவை பஞ்சாங்கமும், பேப்பரில் வரும் தொடர்கதையும், எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கூட்டக் குறிப்புப் புத்தகமும்தான். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்கு வாய் திறக்காது. கடையில் சீனி கேட்பதற்கே, முன்னால் நிற்கிறவர்கள் எல்லாரும் போகட்டும் என்று ஒதுங்கி நிற்பேன். ஐம்பது வயதாகியும் அது மாறவில்லை. ஆனாலும் இந்த விஷயத்தை வேறு ஒருவர் எழுத முடியாது. பிழையைச் செய்தது என் கை.

எங்கள் ஊர் வலிகாமத்துத் தோட்டக் கிராமங்களில் ஒன்று. பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் ஆட்களைத் தேடுவார்கள், விஷயத்தை விட்டுவிடுவார்கள். வெங்காயம், பீற்றூட், கத்தரி என்று வைப்போம். சிலர் இன்னும் புகையிலை நடுகிறார்கள். எங்களுக்கும் கொஞ்சத் தோட்டம் இருக்கிறது. என் வீட்டுக்காரர், இவர், மெசினைப் போட்டுத் தண்ணீர் இறைப்பார். நான் மண்வெட்டியோடு நின்று பாத்திக்குப் பாத்தி தண்ணீரைத் திருப்பிவிடுவேன்.

சங்கத்துக்கு நான் செயலாளராக வந்தது என் திறமையால் அல்ல. பதினொரு வருடத்துக்கு முன் நடந்த ஒரு பொதுக்கூட்டத்தில், அந்தப் பதவிக்கு ஒருவரும் வராமல் எல்லாரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் தலைவர் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். நன்றாகக் கதைப்பார். அவர் என் பக்கம் திரும்பினார்.

“பிள்ளை, உன்ரை எழுத்து முத்து மாதிரி. நீ இரு.”

“எனக்குக் கதைக்கத் தெரியாது அண்ணை.”

“செயலாளர் என்னத்துக்குக் கதைக்கிறது? எழுதினால் காணும்.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்படியே செயலாளர் ஆனேன். எங்கள் பக்கத்துச் சங்கங்கள் பலவற்றில் இதுதான் நடைமுறை. கதைக்கிற ஆள் தலைவர், கதைக்காத ஆள் செயலாளர்.

முதலில் கூட்டம் முடிந்த பிறகுதான் குறிப்பு எழுதினேன். தலைவர் வீட்டுக்கு வந்து சொல்லுவார், நான் எழுதுவேன். பிறகு, கூட்டத்துக்கு முதலே எழுதி வைக்கிற பழக்கம் வந்தது. அரசாங்கம் கிராம அலுவலர் என்று சொல்லுகிறவரை நாங்கள் இன்றைக்கும் விதானையார் என்றுதான் சொல்லுகிறோம். அவருக்குப் பிரதி கெதியாக வேண்டும். அதனால் சனிக்கிழமை குறிப்பு, ஞாயிற்றுக்கிழமை கூட்டம். ஒவ்வொரு பக்கத்திலும் “ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது” என்று எழுதினேன். கூட்டத்தில் உண்மையில் என்ன நடந்தது என்றால், தலைவர் கதைத்தார், மற்றவர்கள் தேத்தண்ணி குடித்தார்கள்.

கையெழுத்து வாங்குகிற தாள் தனி. வெறும் தாளில் பெயருக்கு ஒரு பக்கம், கையெழுத்துக்கு ஒரு பக்கம் என்று நடுவில் கோடு போட்டுச் சுற்ற விடுவேன். மேலே நாலு விரல் இடம் விடுவேன். எதற்கான தாள் என்ற தலைப்பை வீட்டுக்குப் போய் ஆறுதலாக எழுதுவேன். வராதவர்களுக்கும் வந்தவர்கள் வைத்துவிடுவார்கள். தலைப்பு எங்கே என்று அந்தப் பதினொரு வருடத்தில் ஒருவரும் கேட்டதில்லை.

ஏன் கேட்கவில்லை என்று இப்போது யோசிக்கிறேன். பயம் என்று சொல்லிவிடலாம், அது லேசு. ஒரு காலத்தில் அடையாள அட்டையைக் காட்டு என்றால் காட்டினோம், வரிசையில் நில் என்றால் நின்றோம், இதில் வை என்றால் வைத்தோம். அந்தப் பழக்கம் எங்கள் விரல்களில் இருக்கிறது, பொய் இல்லை. ஆனால் பயத்தைவிடப் பெரிய ஒன்றும் இருந்தது. அரசாங்கத்துக்கு எழுதினால் ஒன்றும் நடக்காது என்பதில் எங்களுக்கு அசையாத நம்பிக்கை. சந்திக்கு லைற் கேட்டு நான் ஆறு தரம் எழுதினேன். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் பஸ் நிற்க வேண்டும் என்று எழுதினேன். வாய்க்காலில் உடைந்த மதகைக் கட்டித் தரச் சொல்லி எழுதினேன். சந்தி இன்றைக்கும் இருட்டு. மதகு உடைந்தபடியே கிடக்கிறது. நடக்காத ஒன்றுக்கு என்ன எழுதினால் என்ன, யார் கையெழுத்து வைத்தால் என்ன? அரசாங்கத்தை நம்பாத சனத்துக்கு அரசாங்கக் கடதாசியில் கையெழுத்து வைப்பது மிகவும் சுகம். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

போன வருடம் கோடை முடிகிற நேரம் தலைவர் ஒரு துண்டுக் கடதாசியோடு வீட்டுக்கு வந்தார். அவர் வாசிக்க நான் எழுதினேன். குளத்தின் மேற்குப் பாதியை நிரவி, அதில் பொதுமண்டபம் ஒன்று கட்டுவதற்குக் கிராம மக்கள் ஏகமனதாகச் சம்மதிக்கின்றனர்.

“குளத்தையோ அண்ணை?”

“பாதிக் குளம். அதுவும் பத்தை மண்டின பக்கம். அங்கை என்ன இருக்கு, ஆகாயத்தாமரையும் வெறும் போத்திலும். ஒரு பிள்ளை பெரிசாகிச் சாமத்தியவீடு வைக்கிறதெண்டாலும் அடுத்த ஊர் மண்டபத்துக்கு ஓடுறம். அரச காணி எண்டு எங்களிட்டை உள்ளது உது ஒண்டுதான்.”

“மண்டபம் வருமே?”

“எங்கை வாறது. எழுதி வைப்பம்.”

பாருங்கள், கேட்கிற அவரே நம்பவில்லை.

குளம் எங்களுக்கு என்ன என்பதைச் சொல்ல வேண்டும். எங்களுக்கு ஆறு இல்லை. மாரியில் விழுகிற மழைதான் நிலத்துக்குள் இறங்கிக் கிணறுகளில் நிற்கிறது. குளம் நிறைந்து நின்றால் சுற்றியுள்ள கிணறுகள் ஆடி வரைக்கும் நல்ல தண்ணீர் தரும். குளத்தில் தண்ணீர் தங்காத வருடம் சித்திரையிலேயே உவர்க்கத் தொடங்கும். உவர்த் தண்ணீரைப் பீற்றூட் ஓரளவு தாங்கும், வெங்காயம் தாங்காது, தாள் நுனி கருகிவிடும். எங்கள் கிணறு குளத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துகொண்டுதான் முத்து மாதிரி எழுதினேன்.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை மத்தியானம் எங்கள் ஒழுங்கையில் ஒரு பெரியவர் இறந்துபோனார். கனடாவில் இருக்கிற மகன் வந்து சேரும்வரை உடலை வைத்திருந்தார்கள். ஊர் முழுக்க அந்த வீட்டில்தான். கூட்டம் நடக்கவில்லை. திங்கட்கிழமை காலை தலைவர் அந்த வீட்டு வாசலில் என்னைக் கூப்பிட்டார்.

“எல்லாரும் இஞ்சைதானே நிக்கினம். பேந்து ஆள் சேர்க்கிறது கஷ்டம். தாளைக் கொண்டுவந்து சுத்து.”

“செத்தவீட்டிலையோ அண்ணை?”

“செத்தவரிட்டை வாங்கச் சொல்லேல்லைத்தானே.”

போய்த் தாளை எடுத்து வந்தேன். முதலில் உள்ளே பெண்களிடம், பிறகு வெளியே பந்தலில் ஆண்களிடம். அங்கே கதிரைகளில் இருந்து பேப்பர் பார்த்தபடி அரசியல் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

“உவங்கள் ஒருநாளும் எங்களுக்கு ஒண்டும் தரமாட்டாங்கள்.”

“எங்கடை ஆக்கள் மட்டும் என்ன? வோட்டுக் கேட்டு வந்தவையை அதுக்குப் பிறகு ஆர் கண்டது?”

“நீ வோட்டுப் போட்டனியோ?”

“பின்னை? போடாட்டில் எந்த முகத்தோடை அவையைப் பேசுறது.”

நான் பக்கத்தில் போய் நின்றேன். கடைசியாகச் சொன்னவர் பேப்பரை மடித்து அதன்மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டு, பேனையை அடுத்தவரிடம் கொடுத்தார். கதை நிற்கவில்லை. கொழும்பில் யார் வருவார், வெளிநாடுகள் என்ன சொல்லும் என்று தொடர்ந்தது. தங்கள் கிணற்றுத் தண்ணீரை எழுதிக் கொடுத்துக்கொண்டே அரசாங்கத்தைத் திட்டினார்கள். வாங்கிக்கொண்டு நின்றவள் நான்.

பக்கத்து வீட்டு அக்கா ஒருவர்தான் கேட்டார். அவருக்கு எந்த இடத்திலும் பகிடி வரும்.

“உது என்னத்துக்கு?”

“கூட்டத்துக்கு.”

“எந்தக் கூட்டம்?”

“நேற்று நடந்திருக்கவேண்டிய கூட்டம்.”

“அப்ப நான் நேற்றுக் கூட்டத்துக்கு வந்தனான் எண்டு சொல்லு. நல்லாக் கதைச்சனானோ?”

செத்தவீடு என்பதால் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அவரும் வைத்தார். முப்பத்தெட்டுக் கையெழுத்து. வீட்டுக்கு வந்து, கைகால் கழுவித் தலைக்கும் வார்த்துவிட்டு, மேலே விட்ட இடத்தில் தலைப்பை எழுதினேன். விதானையாரிடம் பிரதி போனது. நான் மறந்துவிட்டேன்.

மாரிக்கு முன், ஒரு நாள் காலை, மாட்டுக்குப் புல்லு வெட்டப் போன அக்கா வேலிக்கு மேலால் கூப்பிட்டார்.

“பிள்ளை, வந்து பார். குளத்துக்குள்ளை ஆரோ முளை அடிச்சிருக்கிறாங்கள். சிவப்புப் பூசியிருக்கு.”

போனோம். பத்துப் பதினைந்து பேர் ஏற்கெனவே நின்றார்கள். குளத்தின் நடுவால் ஒரு நேர்கோட்டில் முளைகள் நின்றன.

“ஆமிக்கோ?”

“ஹோட்டலுக்கோ, ஆருக்குத் தெரியும்.”

“சொல்லாமல் கொள்ளாமல் வந்து அடிச்சிருக்கிறாங்கள் பார்.”

“அவங்களுக்கு எங்களிட்டைக் கேக்கவேணுமெண்டு என்ன இருக்கு.”

கேட்டிருந்தார்கள். நாங்கள் ஓம் என்று சொல்லியிருந்தோம். அங்கே நின்ற அநேகம் பேரின் கையெழுத்து அந்தத் தாளில் இருந்தது. அவர்களுக்குள் எனக்கு மட்டும்தான் அது தெரியும். அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அக்காவோடு பேசாமல் திரும்பி நடந்தேன். நான் பேசாமல் நடப்பது அவருக்குப் புதுமையில்லை.

மத்தியானம் சாப்பிட இருந்த இவரிடம் சொன்னேன். சோற்றில் வைத்த கையை எடுக்காமல் கேட்டார்.

“நீரோ எழுதினது?”

“ஓம்.”

“ஆர் சொல்லி?”

“தலைவர் அண்ணை சொல்லி. ஆனால் எழுதினது நான்.”

“விடும். உமக்கேன் உந்தச் சோலி. குளத்தைச் சுத்தி எங்கடை கிணறு மட்டுமே இருக்கு?”

“எங்கடை கிணறும் இருக்குத்தானே.”

வழமையாகச் சாப்பாட்டுக்குப் பிறகு படுக்கிற இவர், அன்றைக்குப் படுக்காமல் கிணற்றடியில் போய் நின்றார்.

பின்னேரம் தலைவரிடம் போனேன். அவர் வீட்டு வாசலில் மூன்று தரம் திரும்பிப் போகப் பார்த்தேன். வெட்கம் ஒரு பக்கம். அவர் எனக்குப் பகையும் இல்லை. பதினொரு வருடமாகத் தன் சொந்தச் செலவில் பஸ் ஏறி, எங்களுக்காக அரசாங்கக் கந்தோர் கந்தோராகத் திரிந்தவர். அதையும் சொல்லாவிட்டால் பாவம்.

“அண்ணை, அந்தக் கூட்டம் நடக்கேல்லை.”

“எந்தக் கூட்டம்?”

“குளத்துக் கூட்டம்.”

“நடந்த மாதிரித்தான். எல்லாரும் வைச்சவைதானே. பிள்ளை, பதினொரு வருஷம் கேட்டுக் கேட்டு இப்பதான் ஒண்டு வந்திருக்கு. வந்ததை வேண்டாமெண்ட ஊர் எண்டு பேரெடுத்தால் இனி ஒண்டும் தராயினம்.”

“நாங்கள் கேட்டது லைற் அண்ணை.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “நீ எப்ப தொடக்கம் கதைக்கத் தொடங்கினனி?”

எனக்கும் அது தெரியாது. போயிட்டு வாறன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் விதானையாரிடம் போனேன். அவர் வயதில் இளையவர். ஒழுங்கையில் மோட்டார் சைக்கிளில் வரும்போது எங்கள் பெண்கள் அவரைத் தம்பி என்பார்கள். கந்தோருக்குள் போனதும் அதே ஆள் ஐயா ஆகிவிடுவார். இரண்டு மணித்தியாலம் வெளியே மர வாங்கில் இருந்தபிறகு கூப்பிட்டார். மரியாதையாகத்தான் கதைத்தார்.

“நான் என்ன செய்யிறது அக்கா. சம்மதம் வந்தது, மேலை அனுப்பினன். முப்பத்தெட்டுப் பேர் வைச்சிருக்கினம்.”

“அந்தக் கூட்டம் நடக்கேல்லைத் தம்பி.” பயத்தில் ஐயாவை மறந்துவிட்டேன்.

அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டுக் கோப்பைத் திறந்தார். “நடக்கேல்லையோ? பின்னேரம் நாலு மணிக்குத் தொடங்கி ஐந்தே காலுக்கு முடிஞ்சதெண்டு இருக்கு.”

“அது நான் நினைச்சு எழுதினது.”

“நன்றியுரையும் இருக்கு.”

“அதையும் நான்தான்.”

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அவர் யன்னல் பக்கம் பார்த்தார். பிறகு, “இதை எழுத்திலை சொன்னால் பிழை உங்களிலைதான் வரும். வடிவா யோசியுங்கோ,” என்றார்.

“பிழை என்னிலைதான்.”

“அப்பிடியெண்டால் ஒரு பொதுக்கூட்டம் வையுங்கோ. நானும் வாறன். சனம் வேண்டாமெண்டு சொல்லி எழுதித் தந்தால் அதையும் மேலை அனுப்பலாம். சனம் பேசாமல் இருந்தால் என்னாலை ஒண்டும் செய்யேலாது.”

இதைவிட நேர்மையாக ஒரு அரசாங்க உத்தியோகத்தர் என்னோடு கதைத்ததில்லை. சனம் பேசாமல் இருந்தால். அந்த ஒரு சொல்லோடு நான் வீடு வீடாகப் போனேன். கையெழுத்து வைத்த முப்பத்தெட்டுப் பேரிடமும், நான் எழுதியது இதுதான், நீங்கள் வைத்தது இதற்குத்தான் என்று சொன்னேன்.

ஒரு அம்மா சொன்னார், “வைச்சதை இல்லையெண்டால் பேந்து நிவாரணத்திலை பேரை வெட்டிப்போடுவாங்கள்.” அப்படி யாரும் வெட்ட முடியாது என்று சொன்னேன். எனக்கும் நிச்சயமாகத் தெரியாது, ஆனாலும் சொன்னேன். ஒருவர் சிரித்தார். “உதெல்லாம் மேலை தெரிஞ்ச ஆளைப் பிடிச்சு அலுவல் பார்க்கவேணும், கூட்டம் வைச்சு நடக்கிற காரியமே.” என்னை மூஞ்சிக்கு நேரே பேசியவர்களும் உண்டு. அது ஞாயம்.

பந்தலில் அதிகம் அரசியல் கதைத்தவர் இப்படிச் சொன்னார்:

“அது எங்கடை அரசாங்கமே பிள்ளை? உவையளோடை மல்லுக்கட்டி என்ன கண்டம்?”

“அரசாங்கம் எங்கடையோ இல்லையோ, குளம் எங்கடை அண்ணை.”

“குளமும் அரச காணி.”

“தண்ணி?”

அவர் வெற்றிலையைத் துப்பப் போய்விட்டார்.

அது எங்கள் அரசாங்கம் இல்லை என்று சொல்ல எங்களுக்குக் காரணங்கள் இருக்கின்றன. என்னிடமும் இருக்கின்றன, யாரும் எனக்குப் படிப்பிக்கத் தேவையில்லை. ஆனால் அதைச் சொல்லுவதில் ஒரு சுகமும் இருக்கிறது. சொல்லி முடித்ததும் எங்களுக்கு ஒரு பொறுப்பும் இல்லாமல் போகிறது. மேலே இருப்பவர்களை நாங்கள் ஆக்கினோமோ இல்லையோ, கீழே இருக்கிற இந்தச் சின்ன அரசாங்கத்தை நாங்கள்தான் ஆக்கினோம். கதைக்காத செயலாளரை ஆக்கினது நாங்கள். தலைப்பில்லாத தாளை ஆக்கினதும் நாங்கள். கொழும்பிலிருந்து வந்து யாரும் அதை எங்களுக்குக் காட்டித் தரவில்லை. இப்படி ஒரு ஊர் இருந்தால் எந்த அரசாங்கத்துக்குத்தான் கேட்டுச் செய்ய மனம் வரும்? இதைச் சொன்னதற்காகச் சிலர் என்னோடு இப்போதும் கதைப்பதில்லை. கதைக்காமல் இருக்கட்டும். நான் அதற்குப் பழகினவள்.

கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வாசிகசாலையில் நடந்தது. இருக்க இடமில்லாமல் யன்னலுக்கு வெளியிலும் நின்றார்கள். தலைவர் வழமைபோல, “போன கூட்டக் குறிப்பை வாசிச்சதாக எடுப்பம்,” என்று தொடங்கினார்.

“இல்லை அண்ணை. வாசிக்கவேணும்.”

எழும்பிவிட்டேன். மேசையைப் பிடித்துக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாசித்தேன். நாலு மணி, ஐந்தே கால், ஏகமனதாக, எல்லாவற்றையும். நன்றியுரைக்கு வந்தபோது பின்னால் ஒருவர் சிரித்தார். வாசித்து முடித்துப் புத்தகத்தை மூடினேன்.

“இந்தக் கூட்டம் நடக்கேல்லை. இதை முதல்நாளே எழுதினது நான். கையெழுத்து வாங்கினது செத்தவீட்டிலை. தலைப்பை எழுதினது எங்கடை வீட்டிலை, வாங்கின பிறகு.”

“அப்ப எங்களை ஏமாத்தினது நீ,” என்றார் ஒருவர்.

“ஓம் அண்ணை. ஆனால் தாளிலை தலைப்பு இல்லாததை நீங்களும் பார்த்தனீங்கள்.”

“உவவுக்கு உவ்வளவு கதை எங்கையிருந்து வந்தது,” என்று யன்னல் பக்கம் ஒரு குரல். நான் திரும்பவில்லை. திரும்பினால் இருந்துவிடுவேன் என்று தெரியும்.

குறிப்பு சரி என்று ஒருவர் முன்மொழிந்து இன்னொருவர் வழிமொழிந்தால்தான் அது செல்லும். அது சங்கத்தின் சட்டம். தலைவர் கேட்டார். மண்டபம் வேண்டும் என்று மனதார நினைத்த ஒருவர் எழும்பி, “நான் முன்மொழியிறன். ஊருக்கு ஒண்டு வரட்டும்,” என்றார். அவரும் மறைக்காமல் சொன்னார், அதுவும் நல்லதுதான்.

“ஆர் வழிமொழியிறியள்?”

எல்லாரும் பக்கத்து வீட்டு அக்காவைப் பார்த்தார்கள். மின்விசிறிக்குக் கீழே முன் கதிரையில் இருக்கிறவர் என்பதால், எந்தக் குறிப்பையும் வழிமொழிவது அவருடைய வேலை. வாசித்து முடியுமுன்னே கையைத் தூக்கிவிடுவார். அவர் கைகளை மடியில் வைத்திருந்தார்.

“என்னைப் பார்த்து என்ன செய்யிறது? நான் அண்டைக்குக் கூட்டத்துக்கு வரேல்லை. பிணத்துக்குப் பக்கத்திலை இருந்தனான். அங்கை ஆரும் மண்டபம் கதைச்சதாக எனக்கு ஞாபகமில்லை.”

சிரிப்பு வாசிகசாலையை நிரப்பியது. விதானையாரும் சிரித்தார். வேறு ஒருவரும் வழிமொழியவில்லை.

பிறகு கை உயர்த்தச் சொன்னார்கள். நான் எண்ணினேன். குளம் குளமாகவே இருக்கட்டும் என்று முப்பத்தொரு பேர். மண்டபம் வேண்டும் என்று ஒன்பது பேர். மற்றவர்கள் எதற்கும் உயர்த்தவில்லை. அப்படியே எழுதினேன். தலைவர் குனிந்து புத்தகத்தைப் பார்த்தார்.

“இதுக்கும் ஏகமனதாக எண்டு எழுதன் பிள்ளை. மேலை அதுதான் வடிவு.”

“ஏகமனது இல்லைத்தானே அண்ணை.”

புதுத் தாள் எடுத்து, எல்லாரும் பார்க்கத் தலைப்பை முதலில் எழுதினேன். குளத்தை நிரவுவதற்கு நாங்கள் சம்மதிக்கவில்லை. ஒவ்வொருவராக வந்து, வாசித்து, வைத்தார்கள். நேரம் எடுத்தது. ஒரு அம்மா என்னை இரண்டு தரம் வாசிப்பித்தார். பந்தலில் அரசியல் கதைத்தவர் கண்ணாடி கொண்டுவரவில்லை என்று மகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் வைத்தார். கை உயர்த்தின முப்பத்தொரு பேரில் ஐந்து பேர் வைக்காமல் நழுவிவிட்டார்கள். இருபத்தாறு. செத்தவீட்டில் வாங்கினதைவிடக் குறைவு. ஆனால் இது அவரவர் கண் திறந்து வைத்தது.

விதானையார் தாளை வாசித்தார். “சரி. இதின்ரை பிரதியை நாளைக்குப் பிரதேச செயலகத்திலை குடுங்கோ. நானும் அறிக்கை எழுதுறன். முளையளை எடுக்க ஆள் அனுப்பச் சொல்லுறன். ஆனால் மண்டபம் இனி வேறை ஊருக்குப் போகும், அது தெரியும்தானே?”

“தெரியும்,” என்றேன். என்னோடு வேறும் சிலர் சொன்னார்கள்.

தலைவர் தேத்தண்ணி குடிக்காமல் போனார். எனக்கு மனவருத்தம்தான். ஆனால் அவரைத் திருப்திப்படுத்த நான் ஒரு எழுத்தையும் மாற்றமாட்டேன். மண்டபத்தைக் கெடுத்தவள் என்று ஒழுங்கையில் என் பெயர் அடிபடுகிறது என்று இவர் சொன்னார். பதினொரு வருடம் ஒருவருக்கும் தெரியாமல் இருந்த பெயர். அடிபடட்டும். வருகிற பொதுக்கூட்டத்தில் வேறு ஆளைச் செயலாளராக வைக்கலாம். வைத்தால் நான் முன் வரிசையில் இருந்து, தலைப்பு எங்கே என்று கேட்பேன். கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றாவது கேட்பேன்.

அடுத்த நாள் திங்கட்கிழமை. பத்து மணி பஸ்ஸில் பிரதியைக் கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போனேன். கடிதங்களைப் பொறுப்பெடுக்கிறவர் இடத்தில் இல்லை. ஒன்றரை மணிக்கு வந்து பிரதியை வாங்கி, சங்கத்துக்காக நான் வைத்திருந்த மற்றப் பிரதியில் திகதி முத்திரை குத்தித் தந்தார். முளைகளை எடுக்க அன்றைக்கு ஒருவரும் வரவில்லை.